லூபஸ்: ஜெர்மனி வீடியோவும் வீட்டில் கிடக்கும் குளிசையும்

கேள்வி: ஐயா, என் மகளுக்கு 24 வயது. இரண்டு வருடத்துக்கு முன் மூட்டு நோவு, தலைமயிர் கொட்டுதல், கன்னத்தில் சிவப்பு என்று தொடங்கி, கடைசியில் லூபஸ் என்றார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த வருத்தமாம், அதைக் கூட்ட ஒரு பொடி வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள் அயலில். மலேரியாக் குளிசை கண்ணைக் குருடாக்கும் என்று யாரோ சொன்னதில் மூன்று மாதமாக அதை விட்டுவிட்டாள். முகம் ஊதுகிறது என்று ஸ்டீரொய்ட் குளிசையையும் தானாகவே பாதியாக்கிவிட்டாள். கனடாவில் இருக்கும் என் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான், ஜெர்மனியில் ஒரே ஊசியில் இதை மாற்றிவிட்டார்களாம், இந்தியாவிலும் செய்யலாமாம். எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. விற்கலாமா? 2009இல் அவளுக்கு ஏழு வயது. அந்தப் புகையும் பயமும்தான் காரணமோ என்று இரவில் யோசிப்பேன். இப்போது கலியாணப் பேச்சு ஒன்றும் வந்திருக்கிறது. — ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்:

அம்மா, வயலை விற்க வேண்டாம். மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைக்கலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தைத் தபாலில் போட்ட கையோடு நீங்கள் தரகரிடம் போயிருந்தாலும் போயிருப்பீர்கள்.

தம்பி அனுப்பிய வீடியோ பொய் இல்லை. பொய்யென்றால் ஒரு வரியில் முடித்திருப்பேன். ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் கியோர்க் ஷெட் என்ற மருத்துவரின் குழு, எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் இருந்த 20 வயதுப் பெண் ஒருவருக்கு 2021இல் இந்தச் சிகிச்சையைச் செய்தது. நோயாளியின் இரத்தத்திலிருந்தே ரி கலங்கள் என்ற ஒரு வகை நோய் எதிர்ப்புக் கலங்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் அவற்றின் மரபணுவில் ஒரு மாற்றம் செய்து, உடம்பில் இருக்கும் இன்னொரு வகை எதிர்ப்புக் கலங்களான பி கலங்களைத் தேடிப் பிடித்து அழிக்கும்படி ஆக்கி, திரும்ப ஏற்றிவிடுகிறார்கள். கார்-ரி என்று பெயர். இரத்தப் புற்றுநோய்க்கென்று கண்டுபிடித்தது. லூபஸில் சொந்த உடம்பையே தாக்கும் பிறபொருளெதிரிகள் பி கலங்களிலிருந்துதான் வருகின்றன, அப்படியென்றால் அந்த பி கலங்களை ஒருமுறை அடியோடு துடைத்துவிட்டால் என்ன என்பதுதான் அவர்களுடைய யோசனை. 2024 பெப்ரவரியில் 15 பேருடைய விபரத்தை வெளியிட்டார்கள், அதில் லூபஸ் உள்ளவர்கள் 8 பேர். எட்டுப் பேருக்கும் வருத்தம் அடங்கியது. பதினைந்து பேருமே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை முழுதாக நிறுத்த முடிந்தது. சில மாதங்களில் பி கலங்கள் புதிதாக வந்தபோதும் பழைய குணத்தோடு வரவில்லை. இருபத்துச் சொச்சம் வருடமாக இந்த வருத்தத்தைப் பார்க்கிற எனக்கு அதை வாசித்த இரவு நித்திரை வரவில்லை, சந்தோசத்தில்தான்.

சரி, அப்புறம் ஏன் விற்க வேண்டாம் என்கிறேன்? வீடியோவில் ‘ஒரே ஊசி’ என்று சொன்னதற்குள் எவ்வளவோ மறைந்து கிடக்கிறது. அந்த ஊசிக்கு முன்னால் புற்றுநோய்க்காரருக்குக் கொடுக்கிற மாதிரி மருந்து ஏற்ற வேண்டும், ஏற்றிய பிறகு வார்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், அந்த 15 பேரில் பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சல் மாதிரி ஒரு எதிர்வினை வந்தது, ஒருவர் நியூமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதே வகைச் சிகிச்சை பெற்ற புற்றுநோயாளிகள் சிலருக்குப் பிறகு ரி கலங்களிலேயே புதிய புற்றுநோய் வந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024இல் எச்சரிக்கை போடச் சொன்னது. ஆட்களைப் பார்த்துவந்த காலமும் சராசரியாகப் பார்த்தால் ஒன்றேகால் வருடம்தான். உங்கள் மகள் இன்னும் ஐம்பது வருடம் வாழ வேண்டிய பிள்ளை.

இந்தியாவில் 2023இல் அவர்களே தயாரித்த ஒரு கார்-ரி சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது உண்மை, ஆனால் அது இரத்தப் புற்றுநோய்க்கு. லூபஸுக்குச் செய்வது ஆராய்ச்சிக் கட்டம். இதில் உங்களுக்கு ஒரு சின்ன அளவுகோல் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்: ஒழுங்கான ஆராய்ச்சியில் சேருகிற நோயாளியிடம் அந்தப் பரீட்சார்த்த மருந்துக்குக் காசு கேட்பது வழக்கமில்லை. ‘இது புது ஆராய்ச்சி’ என்று சொல்லிக்கொண்டே ‘முற்பணம் இவ்வளவு’ என்றும் யாராவது சொன்னால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வேறொரு வருத்தத்துக்கு இப்படி எங்கோ போய், பெண்பிள்ளையின் நகையெல்லாம் முடிந்து, கையில் ஒரு பெரிய பைலோடு வந்து நின்றது. பைலுக்குள் என்ன செய்தார்கள் என்ற விபரம் மட்டும் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. எர்லாங்கனில் அந்த எட்டுப் பேருக்கும் ஏற்கனவே பல மருந்துகள் கொடுத்துப் பார்த்து, ஒன்றும் சரிவராமல்தான் அங்கே வந்தார்கள். உங்கள் மகளுக்கு மருந்து இன்னும் தோற்கவில்லை அம்மா, அவள் மருந்தை வீட்டில் வைத்துவிட்டாள்.

அந்தப் பொடிக்கு வருகிறேன். எதிர்ப்புச் சக்தி குறைந்த வருத்தம் என்று அயலில் சொல்வது தலைகீழான கதை. உங்கள் பக்கத்தில் வயல் காவலுக்குக் கொட்டில் போட்டு யானை வெடியோடு இருப்பார்களே, அதை நினைத்துப் பாருங்கள். காவல்காரன் பலசாலி, கண் முழித்துத்தான் இருக்கிறான், வெடியும் நிறைய இருக்கிறது. ஆனால் இருட்டுக்குள் அசைகிறது யானையா, தன் வீட்டுப் பசுவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பட்டிக்குள்ளேயே கொளுத்திப் போடுகிறான். இவனுக்கு இன்னும் இரண்டு பெட்டி வெடி வாங்கிக் கொடுப்பதுதான் நீங்கள் கேட்ட பொடி. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கிற எதுவும் லூபஸ் உள்ளவருக்கு வேண்டாம். அதோடு இப்படிப்பட்ட பொடிகளில் சிலவற்றில் பார உலோகங்களும், சொல்லாமல் கலந்த ஸ்டீரொய்ட்டும் பிடிபட்டிருக்கின்றன, அதனால்தான் சிலருக்கு ஒரு கிழமையில் ‘நல்ல சுகம்’ தெரிகிறது. சுதேச வைத்தியம் முழுதையும் நான் குறை சொல்லவில்லை, பெயரும் சேர்மானமும் எழுதாத டப்பாவைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கொட்டிலில் இன்னொரு ஆளும் இருக்க வேண்டும். ‘டேய் பொறு, அது எங்கட மாடு’ என்று கையைப் பிடித்து நிறுத்துகிற பெரியவர். உடம்பிலும் அப்படி ஒரு வகைக் கலம் இருக்கிறது என்று ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சி 1995இல் காட்டினார், அப்போது அவருடைய துறையில் பலர் அதை நம்பத் தயாராக இருக்கவில்லை. 2001இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவரும் ஒரு நோஞ்சான் எலி வகையை ஆராய்ந்து, அந்தப் பெரியவர் உருவாகத் தேவையான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து 2025இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கலங்களைப் பெருக்கி மருந்தாகக் கொடுக்கலாமா என்று இப்போது பல இடங்களில் சோதனை நடக்கிறது. கடைக்கு வர நாள் ஆகும், ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதா குறைப்பதா என்ற பழைய கேள்வி போய், பிரித்தறியப் பழக்குவது எப்படி என்ற இடத்துக்கு ஆராய்ச்சி வந்துவிட்டது.

இனிமேல் சொல்வதைத்தான் வடிவாக வாசிக்க வேண்டும், முடிந்தால் மகளையும் பக்கத்தில் இருத்தி.

அந்த மலேரியாக் குளிசை. தொண்ணூறுகளில் வன்னியில் இருந்தவர்களுக்கு குளோரோகுயினின் கைப்பு நாக்கில் இன்னும் இருக்கும், எனக்கும் இருக்கிறது, பாணுக்குள் ஒளித்து விழுங்கியும் அந்தக் கைப்புப் போகாது. இப்போது நாட்டில் உள்ளூர் மலேரியா இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தும்விட்டது. அந்தக் குளோரோகுயினின் சாதுவான உடன்பிறப்புத்தான் மகளுக்குத் தந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின். இரண்டாம் உலகப் போரில் மலேரியா வராமலிருக்க இந்தக் குடும்ப மருந்தொன்றைக் குடித்த சிப்பாய்களில் சிலருக்கு, ஏற்கனவே இருந்த தோல் சிவப்பும் மூட்டு நோவும் குறைவதைக் கண்டுதான் மருத்துவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். 1991இல் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள்: வருத்தம் அடங்கியிருந்த 47 லூபஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இந்தக் குளிசையைத் தொடர்ந்து கொடுத்து, மற்றவர்களுக்கு அவர்களுக்கே தெரியாமல் வெறும் குளிசையைக் கொடுத்தார்கள். வெறும் குளிசை குடித்தவர்களுக்கு வருத்தம் கிளம்புவது இரண்டரை மடங்கு கூடியது. முப்பது வருடத்துக்கு மேலாகிறது, எத்தனையோ புது மருந்து வந்துவிட்டது, இன்றைக்கும் ஐரோப்பிய வழிகாட்டல் லூபஸ் உள்ள எல்லோருக்கும் முதலில் எழுதுவது இதைத்தான். கோடிக் கணக்கில் செலவாகும் சிகிச்சைக்கு வயலை விற்க யோசிக்கிற வீட்டில், ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தந்த மிகப் பெறுமதியான மருந்து அலுமாரிக்குள் கிடக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

கண் பயம் வெறும் வதந்தி இல்லை, அதையும் சொல்கிறேன். இந்தக் குளிசை மிக நீண்ட காலத்தில் கண்ணின் விழித்திரையைப் பாதிக்கலாம். ஆனால் அளவு சரியாக இருந்தால் முதல் பத்து வருடத்தில் நூறில் இரண்டு பேருக்கும் குறைவாகத்தான் அப்படி வரும், கண் சோதனையில் அதைப் பார்வை மங்குவதற்கு முன்பே பிடிக்கலாம். அளவு உடம்பின் நிறையைப் பொறுத்தது, ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மகளின் நிறையை நீங்கள் எழுதவில்லை, 45 கிலோ என்று வைத்தால் 225, குளிசை ஒன்றில் இருப்பது 200, ஆகவே நாளுக்கு ஒன்று. தொடங்கும் காலத்தில் ஒரு தரம் கண்ணைக் காட்டி, ஐந்து வருடம் கழிந்தபின் வருடா வருடம் காட்டினால் போதும், சிறுநீரகத்தில் பிரச்சினை இருந்தால் அதற்கு முன்பே காட்ட வேண்டும். கிளினிக்கில் கண் கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தாருங்கள் என்று வாயைத் திறந்து கேளுங்கள்.

ஸ்டீரொய்ட் விஷயத்தில் பிள்ளைமேல் எனக்குக் குறையில்லை. 24 வயதில் கண்ணாடியில் வேறு யாரோ ஒருத்தியின் முகம் தெரிந்தால் யார்தான் குறைக்க மாட்டார்கள். அவள் விரும்புவதைத்தான் நாங்களும் விரும்புகிறோம், நாளுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே கொண்டுவருவதுதான் இப்போதைய இலக்கு. ஆனால் வெளியிலிருந்து மாதக் கணக்கில் ஸ்டீரொய்ட் வரும்போது, சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் சுரப்பி தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு படுத்துவிடும். சட்டென்று நிறுத்தினால் அது எழும்ப நேரமெடுக்கும், அதற்குள் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் பிரசர் விழுந்து ஆளையே கொண்டுபோய்விடும். ஆகவே இனி ஒரு அரைக் குளிசையும் தானாகக் குறைக்கக்கூடாது. அவள் உண்மையில் எவ்வளவு குடிக்கிறாள் என்பதைக் கிளினிக்கில் மறைக்கவும் கூடாது. கொப்பியில் இருக்கிற அளவைத்தான் குடிக்கிறாள் என்று நினைத்து, ‘இதுவும் கேட்கவில்லையே’ என்று டொக்டர் இன்னும் பலமான மருந்துக்குப் போவார். இது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது சலம். நீங்கள் ஒரு வரியும் எழுதாத விஷயம், எனக்கு மிகப் பெரிய கவலை அதுதான். லூபஸ் உள்ளவர்களில் பத்துக்கு நான்கு பேரளவில் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் சில வருடங்களுக்குள், நோவே இல்லாமல். சில வருடத்துக்கு முன் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கால் வீக்கத்தோடு என்னிடம் வந்தார், செருப்பு வார் புறங்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. வன்னியில் கிட்னி என்றவுடன் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவோம், வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத அந்தச் சிறுநீரக நோய் உண்மையிலேயே இருப்பதால் அதில் பிழையும் இல்லை. நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த நோயில் சலத்தில் புரதம் கொஞ்சமாகத்தான் போகும், இவருக்கோ நிறையப் போனது, இரத்தக் கலங்களும் இருந்தன. இரண்டாம் தரம் வந்தபோது முகத்துப் பவுடரைத் துடைக்கச் சொன்னேன். இரண்டு கன்னமும் மூக்குத் தண்டும் சிவந்து, மூக்கின் பக்கத்து மடிப்பு மட்டும் தப்பியிருந்தது. பவுடருக்குக் கீழே லூபஸ் இருந்திருக்கிறது, நான்தான் முதல் நாளே பார்க்கவில்லை. மருந்து தொடங்கினோம், சிறுநீரகம் தப்பியது, கொஞ்சம் பிந்தித்தான்.

ஆகவே மகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். விடிய முதல் சலம் போகும்போது சவர்க்கார நுரை மாதிரிப் பொங்கி, போகாமல் நிற்கிறதா? பின்னேரம் கணுக்காலுக்கு மேல் எலும்பில் விரலால் அமத்தினால் குழி விழுந்து நிற்கிறதா? இல்லை என்று சொன்னாலும் சலச் சோதனை செய்யத்தான் வேண்டும், ஏனென்றால் மூன்று மாதமாகக் குளிசை இல்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், பழைய மருந்துகளே நன்றாக வேலை செய்யும், 2021இல் லூபஸுக்கென்றே அனிஃப்ரொலுமாப், வொக்ளொஸ்பொரின் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்துகளும் வந்திருக்கின்றன. அவை தேவைப்படுகிற கட்டத்தில் அவளை விடாமல் பார்ப்பதே இப்போதைய வேலை.

இரவில் யோசிப்பேன் என்று எழுதினீர்கள். அந்த வரியைச் சுற்றிவளைக்காமல் பதில் சொல்ல முயல்கிறேன். அமெரிக்காவில் 50,000க்கு மேற்பட்ட தாதியரை 24 வருடம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 2017இல் வந்தது, அதில் கடும் அதிர்ச்சியின் பின்னான மனப் பாதிப்பு இருந்தவர்களுக்கு லூபஸ் வருவது ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. அடுத்த வருடம் சுவீடனில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. ஆகவே நீங்கள் நினைப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் ஆயிரக் கணக்கானவர்களில் தெரிகிற தொடர்பை வைத்து ஒரு பிள்ளையைக் காட்டி ‘இவளுக்கு இதனால்தான்’ என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த பிள்ளைகள் எத்தனை ஆயிரம், லூபஸ் வந்தது சிலருக்குத்தான். ஒரு வெடியும் கேட்காத ஊர்களிலும் இது வருகிறது. பரம்பரைக் கூறு இருக்கிறது, வெயில் இருக்கிறது, அநேகமாக எல்லோருக்கும் சின்ன வயதில் தொற்றி உடம்பிலேயே தங்கிவிடும் எப்ஸ்டீன்-பார் என்ற வைரசு பி கலங்களுக்குள் இருந்து இதைத் தூண்டுகிறது என்று 2025இல் ஸ்டான்போர்ட் குழு ஒன்று காட்டியிருக்கிறது. ஏன் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்பதற்கும், பெண்களின் இரண்டாவது எக்ஸ் குரோமோசோமை அடக்கி வைக்கிற மூலக்கூறே ஒரு காரணம் என்று 2024இல் ஒரு விளக்கம் வந்தது. இவ்வளவும் சேர்ந்துதான் வருத்தம். அந்த வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய நீங்கள் இதில் செய்த பிழை ஒன்றுமில்லை. நித்திரை வராமல் இருப்பது உங்களுக்கா, அவளுக்குமா என்று எழுதவில்லை. அவளுக்கும் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், அது வேறு வருத்தம் என்று ஒதுக்க வேண்டாம்.

கலியாணம் செய்யலாம், பிள்ளையும் பெறலாம். வருத்தம் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும், கர்ப்பத்துக்கு முன் சில இரத்தச் சோதனை செய்ய வேண்டும், கர்ப்பத்தில் ஆகாத மருந்து இருந்தால் முன்கூட்டியே மாற்ற வேண்டும். அந்த மலேரியாக் குளிசையைக் கர்ப்பத்திலும் விடக்கூடாது, அது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: சொல்லுங்கள். மறைத்துச் செய்த கலியாணத்தில் குளிசையையும் மறைத்துத்தான் குடிக்க வேண்டி வரும், பிறகு அதுவும் நிற்கும்.

வெயிலைப் பற்றி ஒன்று. களை பிடுங்க, அருவி வெட்ட அவள் இறங்குகிறாள் என்றால் காலை ஒன்பதுக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும், நீளக் கை சேட்டும் அகல விளிம்புத் தொப்பியும் போட வேண்டும், மப்பு நாளிலும்தான். வெயிலைத் தவிர்ப்பதாலும் ஸ்டீரொய்ட்டாலும் எலும்பு தேயும் என்பதால் கல்சியமும் விற்றமின் டியும் எழுதித் தருவார்கள், அதை விட வேண்டாம்.

அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே போங்கள். கொப்பி, மிச்சமிருக்கும் எல்லாக் குளிசைப் பட்டைகள், அந்தப் பொடியை ஏற்கனவே வாங்கியிருந்தால் அந்த டப்பா, விடிய எடுத்த சலம் ஒரு சுத்தமான போத்தலில். மகள் தானே கதைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். தம்பிக்கு வட்ஸ்அப்பில் இதைப் படம் எடுத்து அனுப்புங்கள், உதவி செய்யத்தான் வேண்டும் என்றால், பஸ்ஸில் ஏறி இறங்க ஏலாத நாட்களில் கிளினிக்குக்கு ஓட்டோ பிடிக்கிற காசை மாதம் மாதம் அவர் போடட்டும்.